இது கல்லறை அல்ல

பூமயிலின் பிள்ளை செத்து மூன்று நாளாகியும், அதை என்ன செய்வது என்று ஒரு வார்த்தை சொல்ல மேதினி நிறுவனத்தில் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

பத்தொன்பது நாள் இருந்தது அந்தப் பிள்ளை. முப்பதாம் நாள் பேர் வைக்கலாம் என்று இருந்தார்கள், அதற்குள் மூச்சுத் திணறிப் போய்விட்டது. தொழிலாளர்கள் குடியிருந்த மூன்றாம் கூடாரத்தின் காற்று வடிகட்டி என்றைக்கோ பழுதாகிவிட்டது, புழுதி அடங்கவே அடங்காது. பெரியவர்கள் இருமிக்கொண்டே வேலைக்குப் போவார்கள். பிஞ்சு நெஞ்சு எத்தனை நாள் தாங்கும்? இப்போது சமையற்கட்டின் குளிர் அறையில், உருளைக்கிழங்குச் சாக்குகளுக்குப் பக்கத்தில், ஒரு துண்டில் சுற்றிக் கிடந்தது. செவ்வாயில் மனுஷன் குடியேறி இருபத்தாறு வருஷமாயிற்று. முதலாம் கூடாரத்தில் பங்குதாரர்கள் குளிக்க நீச்சல் குளம்கூட வெட்டியாயிற்று. தொழிலாளிக்கு ஒரு பிணவறை கட்ட யாருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? தொழிலாளியின் பிணம் அங்கே ஒரு நாளாவது தங்கினால்தானே.

செத்த அன்றைக்கே மீட்பு நிலையத்துக்குப் போய்விடும். உடம்பிலிருந்து தண்ணீரையும் உப்பையும் பிரித்தெடுக்கும் இடம் அது. தண்ணீர் குழாய்க்கு, உப்பு தோட்டத்துக்கு. காகிதத்தில் அதற்கு மீட்பு நிலையம் என்று பேர், தொழிலாளர் வாயில் அண்டா. ஒருவர் அண்டாவுக்குப் போய்விட்டார் என்றால் இறந்துவிட்டார் என்று அர்த்தம். பங்குதாரர் வீட்டில் சாவு விழுந்தால் மட்டும் முதலாம் கூடாரத்து மேட்டில் குழி வெட்டி, பேர் பொறித்த கல் நடுவார்கள்.

இருளப்பன் வந்து கதவைத் தட்டியபோது இமெல்டா தன் பழைய அகழ்வுப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூத்துக்குடிக்காரி, ஐம்பத்திரண்டு வயது. இரண்டாயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன்னால் கிரேக்கர்கள் கடல் தாண்டிப் போய்ச் சிசிலித் தீவில் குடியேறினார்களே, அப்படி ஒரு ஊரின் இடுகாட்டைப் பதினொரு வருஷம் தோண்டியவள். ஒரு பல்லைக் கையில் கொடுத்தால் ஆளின் வயதைச் சொல்லிவிடுவாள். புது மண்ணுக்குப் போனவர்கள் செத்தவர்களை எப்படி அடக்கம் செய்தார்கள் என்று தெரிந்த ஆள் வேண்டுமென்றுதான் நிறுவனம் அவளைச் செவ்வாய்க்குக் கூட்டிவந்தது.

இருளப்பன் உள்ளே வரவில்லை. பனிச் சுரங்கத்தில் துளை போடுகிறவன். பூமயிலின் புருஷன்.

“கல்லறைச் சட்டம் எழுதினது நீங்கதான்னு சொன்னாங்க மேடம்.”

“ஒரு பகுதி எழுதினேன். உள்ள வாங்க.”

“இருக்கட்டும். பெரியாளுங்க நாங்கெல்லாம் வரும்போதே கையெழுத்துப் போட்டுட்டோம், செத்தா உடம்பு கம்பெனிக்குன்னு. எங்க அண்ணன் காந்திராசு சுரங்கத்துல செத்தப்ப அண்டாவுக்குத்தான் அனுப்பினோம். ஒரு வார்த்தை கேக்கல. போட்ட கையெழுத்து போட்டதுதானே.” தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “ஆனா எம்பிள்ளை எந்தக் காகிதத்துலயும் கையெழுத்துப் போடலையே மேடம்.”

அந்தச் சட்டத்தை எழுத ஒன்பது வக்கீல்கள் உட்கார்ந்தார்கள். ஒருத்தருக்கும் இந்தக் கேள்வி வரவில்லை.

“பூமயில் என்ன சொல்லுது?”

“மண்ணுல வெக்கணுங்குது. குளிர் ரூம் வாசல விட்டு எந்திரிக்க மாட்டேங்குது. எம்பிள்ளைய நானே குடிக்கணுமான்னு கேக்குது.”

“நீங்க போயி அது பக்கத்துல இருங்க. நான் தயாளனைப் பாத்துட்டு வாறேன். சட்டம் உங்க பக்கம்தான்.”

அப்படித்தான் நம்பிக்கொண்டு போனாள்.

தயாளன் அந்தக் குடியேற்றத்தின் நிர்வாக அதிகாரி. பேர்தான் தயாளன். குரலை உயர்த்த மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார், டீ கொடுப்பார், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்பார். கழுத்தை அறுப்பதெல்லாம் காகிதத்தில்தான்.

“ஏழாவது பிரிவு,” என்றாள் இமெல்டா, டீயைத் தொடாமல். “எந்த வீட்டாரோட இறந்தவர் இந்த மண்ணுல கல்லறையில இருக்காரோ, அந்த வீட்டாரை இங்கிருந்து யாரும் வெளியேத்தக் கூடாது. அதுக்குப் பயந்துதான பிள்ளையைக் கிழங்கு மூட்டைக்கிட்ட போட்டு வெச்சிருக்கீங்க?”

“பயம் எதுக்கு மேடம்? நீங்க சொன்ன கதையை வெச்சுத்தான அந்தப் பிரிவையே எழுதினோம்.”

அதுவும் உண்மை. கிரேக்கர் குடியேறிய ஊர்களில் ஊரை நிறுவியவனைச் சில இடங்களில் ஊர் நடுவே, சந்தைவெளியிலேயே புதைத்துப் படையல் போடுவார்கள். எங்கள் ஆள் இங்கே கிடக்கிறான், ஆகையால் இது எங்கள் மண் என்று அதற்கு அர்த்தம். வேறு நாட்டார் செவ்வாயில் இடம் கேட்டு வந்து நின்றபோது மேதினி நிறுவனத்துக்கு இந்தச் சேதி தேனாக இனித்தது. தங்கள் முதல் தலைவரை நடுச் சதுக்கத்தில் அடக்கம் செய்து, கல்லறை உள்ளவர்களுக்கே மண் என்று உலக நாடுகளிடம் உடன்படிக்கையும் வாங்கிவிட்டார்கள். எது கல்லறை, எது கல்லறை இல்லை என்று பட்டியல் எழுதிக் கொடுத்தவள் இமெல்டா.

தயாளன் அந்தப் பட்டியலை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“நாலாவது வரி. நீங்களே படிங்களேன்.”

அவள் எழுதிய வரிதான். ‘ஒரு வயது நிறையாத குழந்தைகளைச் சரக்குக் குடங்களில் இட்டுப் புதைப்பது முறையான அடக்கமாகக் கொள்ளப்படுவதில்லை.’

கல்லூரியில் மனப்பாடம் செய்த வாக்கியம். கிரேக்கத் தாய்நாட்டு இடுகாடுகளை மட்டும் பார்த்த யாரோ எழுதி வைத்தது. கப்பல் ஏறும் அவசரத்தில் அவளும் யோசிக்காமல் அதைப் போட்டுவிட்டாள். அவள் தோண்டிய இடத்திலோ கதையே வேறு. நூற்றுக்கு மேல் குடங்கள், அத்தனையும் பெரியவர்களின் குழிகளோடு கலந்துதான் கிடந்தன. நாற்பத்தேழாம் குடம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில், தலை கிழக்கே பார்த்து, பால் புகட்டும் சின்ன மண்கிண்ணம் ஒன்றோடு. கிண்ணத்தின் மூக்கில் பல் முளைக்காத வாய்க்கென்று தேய்த்து வழுவழுப்பாக்கிய தடம். அந்தக் கிண்ணத்தைக் கையில் ஏந்திய பாவிதான் இந்த வரியை எழுதியிருக்கிறாள்.

“இது தப்பு. நான் தப்பா எழுதிட்டேன்.”

“இருக்கலாம். அடியில ஒரு வரி இருக்கு பாருங்க, பிழை இருந்தா எழுதினவங்களே திருத்தலாம், திருத்தம் முதல் நாள்லேருந்தே செல்லும்னு. நான்தான் போடச் சொன்னேன். நாளைக்கு நமக்கு ஏதாவது மாத்த வேண்டியிருந்தா வசதி பாருங்க.” தயாளன் சிரித்தார். “ஆனா உலக நாடுகளோட நடுவர் குழு முத்திரை வேணும். குழு அடுத்த கப்பல்லதான் வரும். ரெண்டு வருஷம் ஆகும். அதுவரை உடம்பை வெச்சிருக்க சுகாதார விதி இடம் குடுக்காது. வழக்குல இருக்கிற உடம்பு மீட்பு நிலையத்துக்குத்தான் போகும்.”

“வழக்கு இல்லைன்னா?”

“கல்லறை இல்லைன்னு நீங்க ஒரு சான்று எழுதிக் குடுத்தீங்கன்னா வழக்கே இல்லையே. தோட்டத்து ஓரமா எங்கயாவது வெச்சுக்கட்டும். நான் என்ன கல் நெஞ்சக்காரனா?” கொஞ்சம் நிறுத்தினார். “தண்ணிக்கு மட்டும் ஒரு வழி பண்ணுங்க.”

“என்ன தண்ணி?”

“மூணு கிலோ உடம்பு. ரெண்டு லிட்டர் இருக்கும். குழாய்க்கு வர வேண்டியது.”

இமெல்டா அந்த முகத்தையே பார்த்தாள். இவனுக்கும் ஒருத்தி பால் கொடுத்துத்தானே வளர்த்திருப்பாள்? எழுந்து தன் அறைக்குப் போனாள். அவளுக்கு அளந்து கொடுக்கும் குடிதண்ணீரில் அந்த வாரத்து மிச்சம் ஒரு கேனில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் மேஜைமேல், காகிதங்களின் மேலேயே, டொக்கென்று வைத்தாள்.

“எடுத்துக்கிடுங்க. நல்லாக் குடிங்க.”

தயாளன் கேனைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு ஈரமான காகிதத்தைத் துடைத்தார். கோபமே வரவில்லை அந்த ஆளுக்கு.

“சான்று தாறேன்,” என்றாள் இமெல்டா. “ஆனா என் தொழில் முறைப்படிதான் எழுதுவேன். தாய் தகப்பன் பேரு, நாள், இடத்தோட அளவு, எவ்வளவு ஆழம், தலை எந்தப் பக்கம், கூட என்ன வெச்சாங்க, எல்லாம் இருக்கும். நீங்களும் கையெழுத்துப் போடணும்.”

“தாராளமா. எல்லாம் முறைப்படி இருக்கிறது நமக்கும் நல்லதுதானே.”

மறுநாள் காலையில் மூன்றாம் கூடாரத்துத் தோட்டத்தின் ஓரத்தில் குழி வெட்டினான் இருளப்பன். பெட்டி செய்ய அங்கே பலகை ஏது? பூமியிலிருந்து சமையல் எண்ணெய் வந்த காலி டின்கள்தான் கிடந்தன. இமெல்டா ஒன்றை எடுத்துப் படுக்க வைத்து, பக்கவாட்டில் நீளமாக அறுத்தாள்.

பூமயிலுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மூன்று நாளாய்த் தண்ணீர் குடிக்காத உதடு வெடித்திருந்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்த டின்னையே பார்த்தாள்.

“எண்ணெய் டின்னுலயாக்கா?”

“அவங்களும் இப்படித்தாம்மா செஞ்சாங்க. ஊருலேருந்து கப்பல்ல எண்ணெயும் மதுவும் குடத்துல வரும். காலியான குடத்தோட பக்கத்தை அறுத்து, பிள்ளையை உள்ள படுக்க வெச்சு, அறுத்த துண்டாலயே மூடிடுவாங்க. புது மண்ணுல அவங்க கையில ஊருலேருந்து வந்ததுன்னு வேற என்ன இருந்துச்சு?”

பூமயில் டின்னின் உள்பக்கத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்துத் துடைத்து எண்ணெய்ப் பிசுக்குப் போனபின், பிள்ளையை வைத்து, பக்கத்தில் அதன் பால்புட்டியையும் வைத்தாள். இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இமெல்டா சான்றுப் புத்தகத்தை எடுத்தாள். தலை கிழக்கே என்று எழுதினாள், பால்புட்டி ஒன்று என்று எழுதினாள், கடைசி வரியில் ‘இது கல்லறை அல்ல’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பூமயில் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டாள்.

“எம்பேரு எழுதியிருக்கு, அவரு பேரு எழுதியிருக்கு. கல்லறைன்னு மட்டும் ஏன்க்கா எழுதல?”

“இப்ப எழுத முடியாது பூமயில்.”

“ஏன்?”

இமெல்டா சான்றுப் புத்தகத்தை மூடினாள். கூடாரத்துக்குள் பேசுகிற ஒவ்வொரு பேச்சும் நிர்வாகத்துக் கருவியில் பதிவாகும். இரண்டு வருஷம் பொறுத்துக்கொள் என்று ஒரு சொல் சொன்னாலும் தயாளன் காதுக்குப் போய்விடும். நாளைக்கே குழியைத் தோண்டி எடுத்துவிடுவார்கள்.

“கல்லறை இல்லைன்னா எம்பிள்ளை என்ன, குப்பையா?” என்றாள் பூமயில். சத்தம் போடவில்லை. “படிச்சவங்கன்னு நம்பி வந்தோம் பாருங்க.”

அதற்கப்புறம் அவள் இமெல்டாவோடு பேசவில்லை.

இரண்டு வருஷத்தில் இன்னும் பதினாறு பிள்ளைகள். ஒரு வடிகட்டியை மாற்றியிருந்தால் பாதிப் பிள்ளைகள் பிழைத்திருக்கும். நிறுவனத்தில் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு டின், ஒரு கேன் தண்ணீர், ஒரு சான்று. தண்ணீரை முதல் இரண்டு முறை இமெல்டா கொடுத்தாள். பிறகு தொழிலாளர்களே ஆளுக்கு ஒரு தம்ளர் ஊற்றிச் சேர்த்தார்கள். தயாளன் பதினேழிலும் அழகாகக் கையெழுத்துப் போட்டார். இமெல்டாவைக் கண்டால் பெண்கள் எழுந்து வேறு பக்கம் போனார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் அவள் உட்காரும் மேஜையில் யாரும் உட்காரவில்லை. பிள்ளை பெற்றவள் ஏசினால் ஏசட்டும் என்று தனியாகவே சாப்பிட்டாள். சில நாள் சாப்பிடவும் முடியவில்லை.

பிறகு ஒருநாள் அறிவிப்புப் பலகையில் திருப்பி அனுப்பும் பட்டியல் ஒட்டினார்கள். சுரங்கத்துக்கு இயந்திரங்கள் வருகின்றன, நாற்பது குடும்பங்கள் அடுத்த கப்பலில் பூமிக்குப் போக வேண்டும். ஏழு வருஷம் செவ்வாயில், பூமி எடையில் மூன்றில் ஒரு பங்கோடு வாழ்ந்த உடம்புகள். அங்கே போய் இறங்கினால் மாடிப்படி ஏறுவதற்குள் இடுப்பு எலும்பு நொறுங்கும். எலும்பு தெரிந்த இமெல்டாவுக்கு இது தெரியும், நிறுவனத்து மருத்துவருக்கும் தெரியும். பயனில்லாத ஆளைத் திருப்பி அனுப்புவதற்கு எலும்பு எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

பட்டியலைப் படித்த கையோடு பூமயில் நேராக இமெல்டாவின் அறைக்கு வந்தாள்.

“எங்க ஊரு கடலுக்குள்ள போயாச்சு. அங்க எங்களுக்கு ஒரு குச்சு வீடு கூடக் கெடையாது. எம்பிள்ளைய இங்க விட்டுட்டு எங்கக்கா போவேன்? உங்களைக் கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். கேக்க வேற ஆளு இல்ல.”

“குழு வர்ற அன்னைக்கு நீயும் வந்து உக்காரு,” என்றாள் இமெல்டா. அதற்குமேல் சொல்லவில்லை.

நடுவர் குழுவில் மூன்று பேர். தலைமை ஒரு வயதான பெண்மணி, வந்து இறங்கிய களைப்பில் கண் சிவந்திருந்தது. தயாளன் எழுந்து, இது வழக்கமான ஒப்பந்த முடிவு, இவர்களில் யாருக்கும் இங்கே கல்லறை கிடையாது, ஆகையால் ஏழாவது பிரிவு பொருந்தாது என்று மூன்று நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

இமெல்டா பட்டியலை மேஜைமேல் வைத்தாள்.

“நாலாவது வரி பிழை. எழுதினவள் நான். திருத்துறேன்.”

“என்ன ஆதாரம்?” என்றார் தலைமை நடுவர்.

இமெல்டா நாற்பத்தேழாம் குடத்தின் படத்தைக் காட்டினாள். “ரெண்டாயிரத்து எழுநூறு வருஷம் கழிச்சு நான் தோண்டிப் பாத்தேன். தலை எந்தப் பக்கம்னு யோசிச்சு வெச்சிருக்காங்க. பசிக்குமேன்னு கிண்ணம் வெச்சிருக்காங்க. பெரியவங்க நடுவுல படுக்க வெச்சிருக்காங்க. இப்படிக் குடம் நூத்துக்கு மேல. குப்பையை யாரும் இப்படி வெக்க மாட்டாங்க அம்மா. பேர் தெரியாத பிள்ளையைப் புத்தகம் எழுதினவன் கணக்குல விட்டுட்டான், நானும் விட்டுட்டேன். வெக்கமாத்தான் இருக்கு.”

“நடுவர் அவர்களே,” தயாளன் முதல் முறையாகக் குரலை உயர்த்தினார், “இங்கே அப்படி முறையாக அடக்கம் செய்ததாகப் பதிவே இல்லை.”

“இருக்கு,” என்றாள் இமெல்டா. பதினேழு சான்றுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். “தாய் தகப்பன் பேரு இருக்கு, நாள் இருக்கு, இடம், ஆழம், தலை, பால்புட்டி, கிலுகிலுப்பை, பின்னின தொப்பி. எல்லாத்துலயும் நிர்வாக அதிகாரி கையெழுத்து இருக்கு. கல்லறை அல்லன்னு நான் எழுதின ஒரு வரி மட்டும் தப்பு. அதையும் இப்பவே அடிச்சுத் தாறேன்.”

ஒவ்வொன்றிலும் அந்தக் கடைசி வரியை அடித்தாள். பதினேழு அடி. பேனா கிழிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. தயாளன் தன் கையெழுத்துகளைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். தலைமை நடுவர் ஒவ்வொரு காகிதத்தையும் மெதுவாகப் படித்தார். கிலுகிலுப்பை என்ற சொல் வந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் முத்திரையை எடுத்தார்.

நாற்பதில் பதினேழு வீடு தப்பியது.

சாயங்காலம் இமெல்டா தோட்டத்து ஓரத்துக்குப் போனபோது பூமயில் அங்கே குந்தியிருந்தாள். பக்கத்தில் இரண்டு லிட்டர் கேன் ஒன்று, கழுத்துவரை நிறைந்து.

“ரெண்டு வருஷமாச் சேத்தது,” என்றாள். “அன்னைக்கு எம்பிள்ளைக்கு நீங்க குடுத்தது. திருப்பிக் குடுத்துடணும்னு வெச்சிருந்தேன். உங்க கடன் எனக்கு எதுக்குன்னு.”

“எனக்கு வேண்டாம் பூமயில்.”

“அன்னைக்கே ஒரு சாடை காட்டியிருக்கலாம்ல? ரெண்டு வருஷம் உங்களை மண்ணை வாரித் தூத்தினேன்.”

“உன் முகத்துல தெரிஞ்சிருக்கும்மா. நீ என்னை ஏசினதாலதான் அந்தாளு நம்பினான்.”

பூமயில் அதை நினைத்துப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

“மிச்சம் இருபத்திமூணு வீடு?”

அந்த வீடுகளில் செத்தவர்கள் எல்லாரும் பெரியவர்கள். கையெழுத்துப் போட்டவர்கள். அண்டாவுக்குப் போனவர்கள். மண்ணில் அவர்களுடைய எலும்பு ஒன்றுகூட இல்லை.

“எங்க வீட்டுக்காரரு அண்ணன் போனாரே, காந்திராசு. அவரைத்தான இத்தனை வருஷமாக் குடிச்சுக்கிட்டிருக்கோம்? அவரு மட்டுமா, எல்லாரையும்தான்.” பூமயில் கேனின் மூடியைத் திருகினாள். பிள்ளையின் குழிக்குப் பக்கத்தில் விரலாலேயே ஒரு சின்னப் பள்ளம் தோண்டினாள். “இதுல யாரு யாரு இருக்காகளோ, அவுகளும் இங்கயே இருக்கட்டும்.”

தண்ணீரை ஒரு சொட்டு சிந்தாமல் பள்ளத்துக்குள் ஊற்றினாள். காய்ந்த மண் உறிஞ்சிக்கொண்டே இருந்தது. அவள் ஊற்றி முடித்து மண்ணைத் தள்ளி மூடும்வரை இமெல்டா நின்று பார்த்தாள். நடுவர் குழு நாளை மறுநாள்தான் கப்பல் ஏறுகிறது. முத்திரையும் அவர்களோடுதான் இருக்கிறது.

கீழே உட்கார்ந்து, பையிலிருந்து சான்றுப் புத்தகத்தை எடுத்து, புதுப் பக்கத்தைத் திருப்பினாள்.

“ஆழம் ஒரு சாண்,” என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். “மத்த வீட்டுக்காரங்களையும் தண்ணியோட வரச் சொல்லு. அண்டாவுக்குப் போனவங்க பேரை ஒவ்வொண்ணா, நிதானமாச் சொல்லு பூமயில்.”